மூச்சு வாங்கும் கணினியும் கூம்பில் ஏறாத குரலும்

எந்தப் பிளக்-இன் நல்லது என்று இனிமேல் என்னிடம் கேட்க வேண்டாம். தொலைபேசியில் கேட்க வேண்டாம். கிளிநொச்சிச் சந்தையில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போதும் கேட்க வேண்டாம். நான் வேலையை விட்டுவிட்டேன். உயர்ந்த சுருதிச் சத்தங்கள் என் காதுக்கு இப்போது எட்டுவதில்லை. காது கேட்காதவள் ஒலிக்கலவை செய்யக்கூடாது. அதனால் விட்டேன். ஆனாலும் விடமாட்டேன் என்கிறார்கள்.

வன்னியில் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. என்னையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன கிழமை ஒருவர் நாற்பது பிளக்-இன்களின் பெயரைப் போட்டு, "என்னட்ட பழைய லப்டொப் தான் இருக்கு. இதில எது லைட்? விஜயாக்கா சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தார். நாற்பதையும் ஏற்கெனவே களவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்கிறார். அந்தப் பாட்டு எங்கே ஒலிக்கப்போகிறது, பாடுகிறவர் யார் என்று அவர் எழுதவில்லை. குழுவில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இதை ஒரேயடியாக எழுதிவிடுகிறேன், வாசித்துவிட்டு என்னை விடுங்கள்.

பிளக்-இன் என்றால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பதிந்த குரலையும் வாத்தியத்தையும் திருத்துவதற்காக, கணினியிலுள்ள ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகுகிற சின்ன மென்பொருள் அது. ஒன்று குரலின் அடிக்கனத்தைக் குறைக்கும். ஒன்று கத்தலையும் முணுமுணுப்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். இன்னொன்று மண்டபத்துக்குள் நின்று பாடுவதுபோல எதிரொலி கொடுக்கும். ஒவ்வொன்றும் கணினியின் பலத்தில் ஒரு பங்கைத் தின்னும். பலம் முடிந்தால் பாட்டு விக்கும், வெடிக்கும், பிறகு நின்றுவிடும்.

நான் நெடுங்கேணிக்காரி. வவுனியாவில் ஒரு கசெற் கடையில் பாட்டுப் பிரதி எடுக்கிற வேலையில் தொடங்கினேன். அங்கே நாள் முழுக்க ஒரே பாட்டைக் கேட்டுக் கேட்டு, எந்த நாடா தேய்ந்திருக்கிறது, எந்த இயந்திரம் வேகம் குறைகிறது என்று காது பிடித்துக்கொண்டது. பிறகு யுத்தம். ஓடினோம், இருந்தோம், திரும்பி வந்தோம். அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. திரும்பி வந்த பிறகு கிளிநொச்சியில் ஞானம் அண்ணையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தேன். வேலையை விடும்வரை அங்கேதான்.

கூடம் என்று பெயர். ஒரே ஓர் அறை. மேலே தகரம், அதற்குக் கீழே பலகை, சுவரெல்லாம் சாக்கும் பழைய மெத்தையும். பாடுகிறவரும் நானும் கணினியும் அதே அறைக்குள்தான். கண்ணாடித் தடுப்பு எல்லாம் படத்தில் பார்த்ததோடு சரி. ஒருவர் பாடும்போது நான் தும்மினால் தும்மலும் பாட்டில் சேரும். அதனால் மைக் திறந்திருக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். மின்விசிறியும் நிற்கவேண்டும்.

கணினி ஒரு தொண்டு நிறுவனம் கிளிநொச்சியை விட்டுப் போகும்போது கழித்துவிட்டுப் போனது. கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் செய்த இயந்திரம். முன்பக்கத்தில் அவர்களின் ஒட்டுக்காகிதம் கடைசிவரை இருந்தது, சுரண்டியும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டு கோயில் பாட்டு, பள்ளிக்கூடக் கீதம், கடை விளம்பரம், செத்தவரின் நினைவுப் பாட்டு எல்லாம் செய்தோம்.

ஞானம் அண்ணை முன்பு பெயின்ற் கடை வைத்திருந்தவர். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வராது. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "ஓம், செய்வம், அதுக்கென்ன" என்பார். சொல்லிவிட்டு என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். தோளில் துவாய், கையில் தேத்தண்ணி. திரையைப் பார்ப்பார். சத்தத்தைக் கேட்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

"பிள்ளை, இன்னும் பளபளப்பு வரேல்ல."

"அண்ணை, கொம்பியூட்டர் மூச்சு வாங்குது. இனி ஒண்டும் ஏத்தேலாது."

"வாங்கட்டும். அது வேலைக்குத்தானே வந்தது. நீரும் நானும் மூச்சு வாங்கேல்லையா?"

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு டிவிடி கொண்டுவந்தார். அதற்குள் பிளக்-இன்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் களவு. "பிள்ளை, இனி எங்களுக்குப் பஞ்சமில்லை" என்று சிரித்தார். ஏற்றிய அன்றே கணினி தொடங்குவதற்கு ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் எடுத்தது. அடுத்த நாள் நான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் தேர்வு வைத்தேன்.

இந்த இடத்தை மட்டும் கவனமாக வாசியுங்கள். எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான்.

பதிந்த ஒரே குரலைப் பத்துத் தடங்களில் பிரதி போடுவேன். பத்திலும் அதே பிளக்-இன்னைச் செருகுவேன். ஓடவிட்டு, மென்பொருளின் மூலையில் கணினியின் சுமையைக் காட்டுகிற பட்டையைப் பார்ப்பேன். பிறகு பாட்டை நிறுத்திவிட்டும் பார்ப்பேன். சில பிளக்-இன்கள் சத்தமே இல்லாதபோதும் தின்றுகொண்டிருக்கும். அவை உடனே வெளியே.

இதைக் காலையில் ஒருமுறை, மதியம் திரும்பியதும் ஒருமுறை செய்வேன். மதியத்துக் கணக்குத்தான் கணக்கு. தகரம் கொதிக்கத் தொடங்கினால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். காலையில் ஓடிய பாட்டு மத்தியானம் விக்கும். இதை அறியாமல் எத்தனை பேர் பிளக்-இன்னைத் திட்டியிருக்கிறார்கள், சூனியம் என்றுகூட ஒருவர் சொன்னார். நான் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை நேராக அதன் வயிற்றுக்குள் திருப்பி வைத்தேன். பதியும்போது விசிறியை நிறுத்துவேன், கலக்கும்போது போடுவேன்.

அடுத்தது காது. பிளக்-இன்னைச் செருகியும் கழற்றியும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். இரண்டு தரமும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்கவேண்டும். கூடச் சத்தமாக இருப்பதை மனிதக் காது நல்லது என்று நம்பிவிடும். விற்கிறவர்கள் அதைத் தெரிந்துதான் செய்கிறார்கள். அளவைச் சமப்படுத்திக் கேட்டால் பாதிக்கு மேல் வித்தியாசமே தெரியாது. தெரியாததை ஏன் சுமக்கவேண்டும்?

படம் காட்டுகிறவற்றையும் தூக்கி எறிந்தேன். பழைய இயந்திரம்போலத் திருகாணி, ஆடுகிற முள், மரச்சட்டம், வெளிச்சம். அந்த முள் ஆடுவதற்கும் கணினிதானே உழைக்கவேண்டும். மென்பொருளோடு சும்மா வருகிற, பார்க்க ஓர் அரசாங்க அலுவலகப் படிவம்போல இருக்கிற, அடிக்கனம் குறைக்கிற திருத்தி எனக்குப் போதும். எதிரொலிக்கு ஒன்று மட்டும். அதைத் தனியாக ஒரு தடத்தில் வைத்து, எல்லாக் குரலையும் வாத்தியத்தையும் வேண்டிய அளவுக்கு அதற்குள் அனுப்புவேன். ஒவ்வொரு தடத்திலும் ஒவ்வொரு எதிரொலி வைக்கிறவன், வீட்டில் ஆளுக்கொரு குசினி கட்டுகிறவன்.

பாரமான ஒன்றைத் தவிர்க்கவே முடியாவிட்டால், அதைப் போட்டு, விளைவைத் தடத்தோடு சேர்த்துப் புதிதாக எழுதிவிட்டு, பிளக்-இன்னைக் கழற்றிவிடலாம். கணினி இளைப்பாறும். இதை நாங்கள் 'அவிக்கிறது' என்போம். அவிக்கும்போது ஒரே ஒரு விதி. மூலக் குரலை எறியக்கூடாது. சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு, ஒற்றை ஒலிபெருக்கியுள்ள ஒரு பழைய வானொலிப் பெட்டியில் பாட்டைப் போட்டுக் கேட்பேன். எங்கள் பாட்டுகள் கடைசியில் போவது கோயில் கூம்புகளுக்கு. மரத்தில் கட்டுகிற அந்த வாயகன்ற கூம்புக்கு இடம் வலம் கிடையாது. இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாக்கித்தான் அதற்குள் விடுவார்கள். வானொலிப் பெட்டியில் நன்றாக இருந்தால்தான் பாட்டு என் கையை விட்டுப் போகும்.

ஞானம் அண்ணை அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பார். "உலகம் எங்கயோ போகுது, இவ இன்னும் உந்தப் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரியிறா."

இனிச் செல்வராணியின் கதை.

தர்மபுரம் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில். வருடப் பொங்கலுக்குப் பாட்டுத் தொகுப்பு ஒன்று வெளியிடவேண்டும் என்று நிர்வாக சபை முடிவெடுத்தது. செலவு முழுக்க ரொறன்ரோவிலிருக்கும் சிவபாதத்தின் உபயம். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்து வந்தவர். பாடுவது செல்வராணி. அவளின் தாய் தகப்பன் மலையகத்தில் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள், கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது தர்மபுரத்தில். நாற்று நடப் போவாள், களை பிடுங்கப் போவாள். தொகுப்பிலுள்ள பாட்டுகள் ஆறும் அவளும் அவள் தாயும் அந்தக் கோயிலில் வருடக்கணக்காகப் பாடிப் பாடி உண்டாக்கியவை. வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால்தான் அவளை அழைத்தார்கள். விரும்பி அழைக்கவில்லை.

சபைத் தலைவர் பதிவுக்கு முன்பே வந்து ஞானம் அண்ணையிடம் சொன்னார், நான் இருக்கிறேன் என்றும் பார்க்காமல்.

"மெட்டைப் பிடிக்க மட்டும் அவளைப் பாடவிடுங்கோ. குரல் சரிவராட்டில் சிவபாதம் அங்க ஒரு பிள்ளையை வைச்சுப் பாடுவிப்பார். உவை மலைநாட்டு ஆக்கள். வயலுக்க பாடலாம். அம்மன் பாட்டுக்கு ஒரு உச்சரிப்பு வேணுமல்லோ."

"ஓம், அதுக்கென்ன" என்றார் ஞானம் அண்ணை.

"அம்மனுக்கு அவவின்ர உச்சரிப்பு இவ்வளவு காலமும் விளங்கித்தானே இருந்தது?" என்றேன் நான்.

தலைவர் என்னைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே போனார்.

பதிவுக்குச் செல்வராணி துவைத்து மடித்த சேலையை உடுத்தி, செருப்பை வாசலுக்கு வெகுதூரத்தில் கழற்றிவிட்டு வந்தாள். யார் வந்தாலும் முதலில் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்வேன். மைக் அளவு பார்க்கவும், பிறகு எது யாருடைய பதிவு என்று தெரியவும் அது உதவும். தனிக் கோப்பாக வைத்துக்கொள்வேன். கசெற் கடையில் இருந்து வந்த பழக்கம். விசிறியை நிறுத்தி, பதிவை ஓடவிட்டு, கையைக் காட்டினேன்.

"எம் பேரு செல்வராணிங்க. ஊரு..."

நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"எந்த ஊருக்கா சொல்லணும்?"

மைக் திறந்திருந்தது. நான் பேசவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தர்மபுரம்" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "தர்மபுரந்தான்."

அவளின் குரலுக்குப் பெரிய திருத்தம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வெளியில் நின்று, அடுத்த வரம்புக்குக் கேட்கப் பாடிய குரல். அடிக்கனத்தைக் கொஞ்சம் வெட்டினேன், ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் கட்டினேன், பொது எதிரொலிக்குள் சிறிது அனுப்பினேன். மத்தியான வெயிலிலும் பட்டை பாதியைத் தாண்டவில்லை. உடுக்கும் தாளமும் கீபோர்ட்டும் இரண்டு பக்கமும், அவள் நடுவில்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, பொங்கலன்னைக்கு கூம்புல என் பேரு சொல்லுவாங்களா?"

"ஏன் சொல்லமாட்டினம்?"

"இல்ல, அம்மாவுக்கு கண்ணு தெரியாது. வீட்டுல இருந்தா கூம்புச் சத்தம் கேக்கும். பாட்டக் கேட்டா நாந்தான்னு தெரிஞ்சிக்கும். பேரையும் சொன்னா ஊரும் தெரிஞ்சிக்கும்ல?"

கலவையை ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். சிவபாதம் ஞானம் அண்ணையைத் தொலைபேசியில் அழைத்தார். அண்ணை தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

"தங்கச்சி, ஹெட்போனில கேட்டனான். மியூசிக் நல்லாயிருக்கு. குரல் ஏன் நடுவில நட்ட கட்டை மாதிரி நிக்குது? இங்கத்தைப் பாட்டுகளில குரல் தலையைச் சுத்தி வரும்."

"இது கோயில் கூம்பில போற பாட்டு. கூம்பு தலையைச் சுத்தாது."

"எனக்கு விளக்கம் வேண்டாம். சுத்தி வரவேணும். இல்லாட்டில் மியூசிக்கை மட்டும் அனுப்புங்கோ, இங்க ஒரு பிள்ளை இருக்கிறா, அழகாப் பாடுவா."

அண்ணை தொலைபேசியைப் பறித்து, "ஓம், செய்வம், அதுக்கென்ன" என்றார்.

அதற்கு அண்ணை என்னைப் போடச் சொன்னது அந்த டிவிடியிலிருந்த விரிப்பான் ஒன்றை. குரலை இரண்டு பக்கத்துக்கும் பிரித்து அகலமாக்குகிற பிளக்-இன். மலிவான வித்தை. ஒரு பக்கத்துக்கு உள்ளபடியும் மற்றப் பக்கத்துக்குத் தலைகீழாகவும் அதே ஒலியை அனுப்பும். ஹெட்போனில் தலைக்குள் பரந்து விரிந்த மாதிரி இருக்கும். தேர்வில் நான் கழித்துவிட்ட ஒன்று அது. முடியாது என்று சொன்னேன். அடுத்த நாள் எனக்கு வவுனியாவில் காது கிளினிக். போய்விட்டேன், அன்று அங்கேயே அக்கா வீட்டில் தங்கிவிட்டேன்.

நான் இல்லாதபோது நடந்ததை அண்ணை பிறகு தானே சொன்னார். விரிப்பானைத் திரும்ப ஏற்றி ஆறு பாட்டின் குரலுக்கும் போட்டிருக்கிறார். மத்தியானம் கணினி விக்கத் தொடங்கியிருக்கிறது. உடனே அவித்திருக்கிறார். அவிக்கும்போது இடமில்லை என்று கணினி சொல்லியிருக்கிறது. மூலக் குரல்களை அழித்திருக்கிறார். அவித்ததை ரொறன்ரோவுக்கு அனுப்ப, சிவபாதத்துக்கு வலு சந்தோசம். வானொலிப் பெட்டியை யாரும் தொடவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் காலை வவுனியா பஸ்ஸால் இறங்கிய என்னிடம் அண்ணை பென் டிரைவைத் தந்தார். "எல்லாம் முடிஞ்சுது. தலைவரிட்டக் குடுத்து, ஹோர்னில ஒருக்காப் போட்டுப் பார்த்திட்டு வாரும்." மாற்றியதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவேன் என்று தெரியும்.

கோயிலில் ஒலிபெருக்கிக்கார நந்தன் கூம்புகளைப் புளியிலும் பனையிலும் கட்டி முடித்திருந்தான். பெண்கள் வெளிவீதி கூட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வராணியும் அதற்குள் ஒருத்தி. தலைவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நந்தன் பென் டிரைவைச் செருகினான்.

அண்ணையின் கனத்த குரலில் முதலில் அறிவித்தல் போனது. "கனடா வாழ் சிவபாதம் குடும்பத்தினரின் உபயம்." பிறகு உடுக்கு. பிறகு கீபோர்ட். பிறகு குரல் வரவேண்டிய இடம். வரவில்லை. எங்கோ கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல எதிரொலி மட்டும் கொஞ்சம்.

"விஜயாக்கா, பாட்டு எங்க? மேளம் மட்டும்தான் போகுது" என்றான் நந்தன்.

"அடுத்ததைப் போடு."

அடுத்ததிலும் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, "என்னடி ராணி, வாயை மட்டும் அசைச்சிட்டு வந்தியா?" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

தலைவர் எழுந்தார். அவருக்கு ஆத்திரம்கூட இல்லை. எதிர்பார்த்தது நடந்த நிம்மதிதான் முகத்தில் இருந்தது.

"நான் முதலே சொன்னனான். தோட்டக்காட்டுக் குரல் ஹோர்னில ஏறாது. இப்ப சிவபாதத்துக்கு எடுக்கிறன். அந்தப் பிள்ளை பாடி அனுப்பினால் நாளைக்குப் பொங்கலுக்குப் போடலாம்."

சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். செல்வராணி விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. எனக்குக் கிட்ட வந்து, குனிந்து கூட்டியபடியே சொன்னாள்.

"விடுங்கக்கா. கூம்புக்கு என்னயப் புடிக்கல போல."

எனக்குக் காரணம் அந்த நேரம் பிடிபடவில்லை. குரல் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நந்தன் அடுத்தது, அடுத்தது என்று அமத்திக்கொண்டே போனான். ஆறு பாட்டும் முடிந்தது. அண்ணை கோப்புறையை அப்படியே பிரதி எடுத்திருந்ததால் பாட்டுகளுக்குப் பிறகு வேறொரு கோப்பும் இருந்தது. அது தானாக ஓடியது.

"எம் பேரு செல்வராணிங்க. ஊரு..."

நாலு கூம்பிலும் ஒரேயடியாக வந்தது. வயலுக்குள் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. தலைவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி திரும்பினார்.

"எந்த ஊருக்கா சொல்லணும்?"

பெண்கள் கூட்டுவதை நிறுத்தினார்கள். கூம்பு கொஞ்ச நேரம் சும்மா இரைந்தது.

"தர்மபுரம். தர்மபுரந்தான்."

குளக்கட்டுப் பக்கம் போய் மோதித் திரும்பியது. அதே குரல், அதே மைக், அதே கூம்பு. அந்தக் கோப்பில் மட்டும் யாரும் எந்தப் பிளக்-இன்னும் செருகவில்லை. விரிப்பான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இடமும் வலமும் கூம்பில் ஒன்றாகும்போது நேரானதும் தலைகீழானதும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. நடுவில் நின்ற மனிசியைக் காணவில்லை. அகலமாக இரண்டு பக்கமும் வைத்திருந்த மேளம் மட்டும் தப்பிவிட்டது.

"தலைவர், தொலைபேசியை வையுங்கோ. குரலில பிழையில்லை. எங்கட வேலையில பிழை. பின்னேரத்துக்கிடையில திருத்திக் கொண்டுவாறன்."

"திருத்தேலாட்டில்?"

"ஏலாட்டில் நானே வந்து மைக்கில பாடுறன். அதைக் கேக்கிறதுக்கு இந்த வெறும் மேளமே பரவாயில்லை எண்டுவியள்."

நந்தன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு விட்டான். அண்ணை என் முகத்தைப் பார்த்ததும் கதிரையை விட்டு எழுந்தார்.

"மூலக் குரல் எங்க?"

"பிள்ளை... இடம் காணேல்ல. அழிச்சிட்டன்."

"ஆறையுமா?"

"ஓம்."

"உங்கட பளபளப்பைக் கொண்டுபோய்..." என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கினேன். திரும்பப் பதிய நேரமில்லை. உச்சி வெயில் தொடங்கிவிட்டது. விசிறியைப் பெட்டிக்குள் திருப்பிவிட்டு அவித்த தடத்தைத் திறந்தேன். இடப்பக்கத்தை மட்டும் கேட்டேன். செல்வராணி முழுதாக இருந்தாள். வலப்பக்கத்தை மட்டும் கேட்டேன். அங்கேயும் முழுதாக இருந்தாள். சேர்த்தால்தான் இல்லை. வலப்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு இடப்பக்கத்தைத் தூக்கி நடுவில் வைத்தேன். அதற்கு ஒரு பிளக்-இன்னும் தேவைப்படவில்லை. மூலையிலிருந்த பட்டை அசையவே இல்லை. வானொலிப் பெட்டியில் போட்டேன். அண்ணை அதன் முன் குந்தியிருந்து ஆறு பாட்டையும் கேட்டார். முதல்முறையாக அவர் திரையைப் பார்க்காமல் கேட்டதைக் கண்டேன்.

"மூச்சு விடுறதும் கேக்குது" என்றார்.

"மனிசி எண்டால் மூச்சு விடும்."

கோப்புகளைப் பென் டிரைவில் ஒழுங்காகப் போடும்போது பெயரும் ஊரும் சொன்ன கோப்பையும் எடுத்தேன். அதன் பெயருக்கு முன்னால் இரண்டு சைபர் அடித்தேன். ஒலிபெருக்கிக்காரரின் பெட்டி கோப்புகளை வரிசையாகத்தான் ஓட்டும். சைபர் முதலில் வரும். உபய அறிவித்தல் அதற்குப் பிறகு.

பின்னேரம் கோயிலில் போட்டபோது தலைவர் அதைக் கவனித்தார்.

"உபயகாரரின்ர பேரல்லோ முதல் வரவேணும்?"

"வரும். ரெண்டாவதா வரும்."

"உந்தக் கேள்வியையாவது வெட்டலாமே. 'எந்த ஊரு' எண்டு கேக்கிறாள். ஒரு மாதிரிக் கிடக்கு."

"அதுவும் பாட்டோட சேர்ந்ததுதான்" என்றேன். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. குரல் குளக்கட்டுவரை போனது. இனி ரொறன்ரோவில் ஒருவரை எழுப்பிப் பாடவைக்க அவருக்கும் அலுப்பு. போய் உட்கார்ந்துகொண்டார்.

பொங்கலன்று நான் போகவில்லை. செல்வராணி அடுத்த கிழமை கூடத்துக்கு வந்தாள், ஒரு பையில் வறுத்த கச்சான் கடலை கொண்டுவந்தாள். "அம்மா கேட்டுச்சு" என்றாள்.

சிவபாதம் தன் தலையைச் சுற்றுகிற பதிப்பை இணையத்தில் ஏற்றினார். ஊர்ச் சனம் ஒற்றை ஒலிபெருக்கியுள்ள மலிவுக் கைத்தொலைபேசிகளில் கேட்டது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "கரோக்கே சுப்பர். பாடினதையும் போடுங்கோ." நான் அதை அண்ணைக்குக் காட்டினேன். அவர் விரிப்பானைத் தானாகவே அழித்தார். அடுத்த வாடிக்கையாளருக்கு "ஓம், செய்வம், அதுக்கென்ன" என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

இப்போது அந்தக் கூடத்தில் புதிய கணினி. ஒட்டுக்காகிதம் ஒட்டிய பழையதை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். புதியது நூறு பிளக்-இன் போட்டாலும் விக்காது என்கிறார்கள். விக்காவிட்டால் எதைக் கழிப்பது என்று யார் யோசிப்பார்கள்? எங்களை அந்தப் பழைய பெட்டிதான் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கவைத்தது. நாற்பது பெயர் போட்ட தம்பிக்கு என் பதில் இவ்வளவுதான். திருத்தி ஒன்று, மட்டம் கட்டுகிறது ஒன்று, எதிரொலி ஒன்று. மிச்சத்தைக் கழற்றிவிட்டு, சந்தையில் ஒரு பழைய வானொலிப் பெட்டி தேடி வாங்கும்.

தர்மபுரத்துக் கோயிலில் அந்தப் பென் டிரைவ்தான் இன்னும் ஓடுகிறது. நந்தனுக்கு அதிலுள்ள கோப்பு ஒன்றையும் மாற்றத் தெரியாது, அல்லது மாற்ற விருப்பமில்லை. ஒவ்வொரு பொங்கலன்றும் விடிய, உபயகாரரின் பெயருக்கு முன்னால், நாலு கூம்பும் ஊரைப் பார்த்துக் கேட்கின்றன, "எந்த ஊருக்கா சொல்லணும்?" என்று. பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். நான் வாய் திறக்காமல் இருந்த நேரம் அது. அதன் பிறகு அவளே சொல்கிறாள்.